ஏழு டிகிரி

மேலகரம்
3 ஜூன் 2025

ஜாய்,

போனில் என்னை பிளாக் செய்தாய். வாட்ஸ்ஆப்பில் செய்தாய். குடும்ப குரூப்பிலிருந்தும் எழுந்து போய்விட்டாய். ஈமெயிலை மட்டும் எப்படியோ விட்டுவிட்டாய். இதைப் படித்ததும் அதையும் அடைத்துவிடாதே. நான் சண்டை போட எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், அதைக் கேட்க இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

பிப்ரவரியிலிருந்து மறுபடி பிளேன் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டரில்தான். அப்பாவின் பிரவுசிங் சென்டரில் நாம் இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினோமே, அதன் பேரப்பிள்ளை மாதிரி ஒன்று இப்போது வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் கடற்கரையும் அலையும் அப்படியே தெரிகின்றன. ஏறுவேன், கடல் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவேன், இறங்குவேன். வேன் ஓட்டம் இல்லாத நாளெல்லாம் இதுதான் வேலை. அம்மா திட்டுகிறாள்.

இறங்குவதில்தான் தகராறு. ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் பறந்து போய், பிறகு இடப்பக்கம் இரண்டு தடவை திரும்பி நேருக்கு வரவேண்டும். அந்த முதல் திருப்பத்தை எப்போது எடுப்பது என்று தெரிய, ஓடுபாதையின் முனை இடது தோளுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உனக்கா தெரியாது. அந்தக் காலத்தில் நான் ஸ்டிக்கைப் பிடித்திருப்பேன், நீ நம்பர் பட்டனில் கை வைத்திருப்பாய். "ஏட்டி, ஒண்ணு" என்பேன். நீ ஒன்றை அமுக்கினால் இடது பின்பக்கம் தெரியும். "நாலு" என்றால் நேர் இடது. இப்போது பட்டனைத் தேடிக் கண்ணைக் கீழே இறக்குவதற்குள் விமானம் எங்கேயோ போய்விடுகிறது.

தலையைப் பின்தொடரும் கருவி ஒன்று விற்கிறார்கள். ஹெட்போனில் ஒரு கிளிப், மானிட்டர் மேல் ஒரு குட்டி கேமரா. தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரையில் காட்சி நிறையத் திரும்புமாம், கண் திரையை விட்டு நகர வேண்டாமாம். ஆன்லைனில் அதைக் கூடையில் போடுவதும் எடுப்பதுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. நீ பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் நிஜ சிமுலேட்டரையே பழுது பார்க்கிறவள். வாங்கலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்.

பெலிக்ஸ்


ஹைதராபாத்
6 ஜூன் 2025

அண்ணே,

ஐந்து மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெயரைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் திறந்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு கிளிப், ஒரு கேமரா.

தொழில் தெரிந்தவளாகப் பதில் சொல்கிறேன். வேண்டாம். உன் ஜாய்ஸ்டிக்கின் தலையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் பார்வை திரும்பும், கண்ணைக் கீழே இறக்க வேண்டியதில்லை. அது போதவில்லை என்றால் முகத்தில் மாட்டுகிற விஆர் கண்ணாடி வாங்கு. அதைப் போட்டுக்கொண்டு நீ நிஜமாகவே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். அதிலும் நம்பிக்கை இல்லையென்றால் உன் கம்ப்யூட்டர் கேமராவை வைத்தே தலையைக் கணக்கிடும் இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லோருக்கும் அதுவே தாராளம்.

தங்கச்சியாகவும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கூடப் பிறந்தவள் பார்த்த வேலையை மெஷினிடம் கொடுக்கப்போகிறாய், அதற்கும் என்னிடமே சிபாரிசு கேட்கிறாய். உனக்குத் துணிச்சல்தான்.

ஜனவரி இரண்டாம் தேதியை நீ மறந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. தென்காசி ஸ்டேஷனில் என் பெட்டியை இறக்கிவைத்தாய், "பாத்துப் போ" என்றாய், நடந்துவிட்டாய். நான் பொதிகை எக்ஸ்பிரஸின் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உன் கால் நின்றது. அதனால் உனக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். நின்றாய், திரும்பாமல் மறுபடி நடந்தாய். கையில் பூ வைத்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "கூடப் பெறந்தவனா?" என்று கேட்டாள். இல்லை, வேன் டிரைவர் என்று சொல்லிவிட்டேன்.

ஆய்க்குடிக்காரர்களை என்னிடம் கேட்காமல் பெண் பார்க்க வரச் சொன்னது நீ. நான் அவர்கள் முகத்துக்கு நேராக இஷ்டமில்லை என்றது தப்பாக இருக்கலாம். அதற்கு இது தண்டனையா?

ஜாய்


மேலகரம்
9 ஜூன் 2025

ஜாய்,

வேன் டிரைவர் என்றது ஒன்றும் பொய்யில்லையே.

ஸ்டேஷன் கதை இப்போது வேண்டாம். ஆய்க்குடிக் கதையும் வேண்டாம். அந்தப் பையன் நல்ல பையன், அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தானே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீ சபையில் வைத்து என்னை உரித்துத் தொங்கவிட்டாய். அது முடிந்த விஷயம்.

விஆர் கண்ணாடி எனக்கு ஒத்துவராது. வேர்க்கும். பவர் கண்ணாடியோடு மாட்ட முடியாது. அம்மா பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. குமிழும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தள்ளினால் காட்சி வெடுக்கென்று தாவுகிறது. பார்க்கிற மாதிரியே இல்லை, யாரோ பிடித்துத் திருப்பிவிடுகிற மாதிரி இருக்கிறது. தலையை நாமே திருப்பி, திருப்பிய பக்கம் தெரிவது வேறு. அது எனக்கு வேண்டும். எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்காதே, வேண்டியிருக்கிறது.

நீ சொன்ன இலவச மென்பொருளை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். தலையைத் துளி இடப்பக்கம் நகர்த்தினேன், ரெக்கை தெரிந்தது. இன்னும் துளி நகர்த்தினேன், வால் தெரிந்தது. ஜாய், வால்! இறங்காமல் கடல் மேலேயே சுற்றிக்கொண்டு அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாம் நடுங்குகிறது. மூச்சு விட்டால் ஜன்னல் ஆடுகிறது, எச்சில் விழுங்கினால் அடிவானம் குதிக்கிறது. அரை மணி நேரத்தில் குமட்டல் வந்துவிடும். விலை கொடுத்து வாங்குகிற கிளிப்பில் இந்த நடுக்கம் இருக்காது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். உண்மையா?

இங்கே சாரல் பிடித்துவிட்டது. நாளைக்கு இரண்டு டிரிப். எல்லோருக்கும் ஐந்தருவியும் வேண்டும், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தியும் வேண்டும். இன்னும் பூக்கவில்லை என்றால் நம்புவதில்லை. வெறும் செடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நான்தான் பூவை ஒளித்துவைத்த மாதிரி என்னை முறைக்கிறார்கள். எனக்கு எங்கேயும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். நேற்று அந்தக் கிளிப்பை ஆர்டர் போட்டு ஒரு மணி நேரத்தில் கேன்சல் செய்தேன். சீக்கிரம் எழுது.

பெலிக்ஸ்


ஹைதராபாத்
15 ஜூன் 2025

அண்ணே,

பதில் தாமதம். இங்கே ஒரு சிமுலேட்டரின் கால் மக்கர் செய்தது. ஆறு கால் இருக்கிற பெரிய மிருகம் அது, ஒரு கால் நொண்டினால் உள்ளே இருக்கிற பைலட் உலகமே சாய்கிறது என்று நினைப்பான். மூன்று நாள் அதோடு போராடினேன்.

உன் நடுக்கம் எனக்குப் புரியவில்லை. நீ சொன்னதற்காக என் லேப்டாப்பிலும் அதே மென்பொருளைப் போட்டேன். சாதாரண கேமராதான். எனக்கு நடுங்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஷிஃபாவையும் உட்காரவைத்துப் பார்த்தேன், அவளுக்கும் இல்லை.

அந்த மென்பொருளில் ஒரு கோடு இருக்கிறது, பார்த்திருப்பாய். உன் தலை எவ்வளவு திரும்பினால் காட்சி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நாமே வரைந்துகொள்ளும் கோடு. என் தலை முப்பது டிகிரி திரும்பினால் காட்சி முழுதாகப் பின்னால் போகும்படி வைத்திருக்கிறேன். ஷிஃபாவுக்கு முப்பத்தைந்து. அந்தக் கோட்டை மிகவும் செங்குத்தாக வைத்தால்தான் மூச்சுக்கெல்லாம் ஆடும். நீ ஏதோ கன்னாபின்னாவென்று வைத்திருக்கிறாய். அந்த ஃபைலை எனக்கு அனுப்பு. கூடவே ஒரு மணி நேரம் ஓட்டி, தலை எப்படி அசைந்தது என்ற பதிவையும் அனுப்பு. திருத்தித் தருகிறேன். கிளிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அம்மா நேற்று போனில், "இவன் இப்பல்லாம் சேர்ல உக்காந்தே தூங்குதான்ட்டி, கேட்டா படுக்கை சரியில்லைங்கான்" என்றாள். கம்ப்யூட்டர் முன்னாலேயே தூங்கிவிடுகிறாயா? வயது முப்பத்தாறு ஆகிறது உனக்கு.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இது தொழில் மரியாதைக்காக எழுதியது.

ஜாய்


மேலகரம்
16 ஜூன் 2025

ஜாய்,

இரண்டு ஃபைலையும் இணைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் திருவனந்தபுரத்தில் ஏறி, கொல்லம் வரை கடலோரமாகப் போய்த் திரும்பி இறங்கியது. இறங்கியது பிரமாதம், நீ பக்கத்தில் இருந்திருந்தால் கை தட்டியிருப்பாய். நடுவில் அம்மா டீ கொண்டுவந்தாள், அந்த ஒரு நிமிஷத்தைக் கணக்கில் எடுக்காதே.

திருத்து. ஆனால் வால் தெரிய வேண்டும், அது முக்கியம். நடுக்கத்தைக் குறைக்கிறேன் என்று என் வாலை வெட்டிவிடாதே.

இன்று மழை வெளுத்து வாங்குகிறது. மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், பதினோரு மணி டிரிப் படுத்துவிட்டது. மனம் ஏனோ லேசாக இருக்கிறது. நீ பேசாமல் இருப்பதைவிடத் திட்டி எழுதுவது பரவாயில்லை.

பெலிக்ஸ்


ஹைதராபாத்
17 ஜூன் 2025

அண்ணே,

உன் கோடு இடப்பக்கம் ஏழு டிகிரியிலேயே வால் வரை போய் முடிகிறது. வலப்பக்கம் ஒன்பது. ஏழு டிகிரி என்றால் என்ன தெரியுமா? ஒருவர் 'ம்ஹூம்' என்று சொல்லும்போது தலை அதைவிட அதிகம் அசையும்.

யாராவது தெரியாத்தனமாக அப்படி வைத்திருந்தால் பதிவில் தெரிந்துவிடும். கோடு முடிந்த பிறகும் தலை சும்மா திரும்பிக்கொண்டிருக்கும். அதனால் பதிவைப் பார்த்தேன். ஒரு மணி நேரம், அண்ணே. ஒரு மணி நேரத்தில் உன் தலை ஒரு தடவைகூட இடப்பக்கம் ஏழைத் தாண்டவில்லை. மூக்கைச் சொறியும்போதும் தாண்டவில்லை. பதினெட்டாவது நிமிஷத்தில் நீ கேமராவிலிருந்து மொத்தமாகக் காணாமல் போகிறாய். அம்மா டீ கொண்டுவந்த நிமிஷம் அது. டீயை வாங்க யாரானாலும் தலையைத் திருப்புவார்கள். நீ நாற்காலியோடு திரும்பியிருக்கிறாய்.

மூன்று மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிறிஸ்துமஸ் நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. சாப்பிடும்போது எப்போதும் சுவர் ஓரத்து மூலையிலேயே உட்கார்ந்தாய், அங்கிருந்து எல்லோரும் உனக்கு நேராகத் தெரிவார்கள். அடுக்களையிலிருந்து நான் கூப்பிட்டால் "சொல்லு" என்பாயே தவிரத் திரும்பியதில்லை. கோவில் பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும்போது பின்வரிசைக்காரர் கையை நீட்டிக்கொண்டே நின்றார், நீ கை கொடுக்கவில்லை. என்ன அகம்பாவம் இவனுக்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நான்தான் உன் சார்பில் அவருக்குக் கை கொடுத்தேன்.

விஆர் கண்ணாடி வேர்க்கும் என்றாயே, அதுவும் இப்போது புரிகிறது. அதில் கழுத்தை நிஜமாகத் திருப்ப வேண்டும்.

எத்தனை நாளாக இது? டாக்டரைப் பார்த்தாயா? அம்மாவுக்குத் தெரியுமா? உன் கிளிப்பைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். முதலில் இதற்குப் பதில் சொல். பதில் வரும்வரை வேனை எடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், எடுக்காதே.

ஜாய்


மேலகரம்
18 ஜூன் 2025

ஜாய்,

நான் கேட்டது ஒரு கருவி வாங்கலாமா என்று. என் கழுத்தை அளந்து தா என்று கேட்கவில்லை. நீ டெக்னீஷியன், டாக்டர் இல்லை.

விளையாடும்போது நான் அசையாமல்தான் உட்காருவேன். கோட்டை அப்படி வைத்தது எனக்குப் பிடித்திருப்பதால். படுக்கை சரியில்லை, கழுத்துப் பிடித்திருக்கிறது, மழைக்காலத்தில் யாருக்குத்தான் பிடிக்காது. தைலம் தேய்க்கிறேன், போய்விடும்.

வேனை எடுக்காதே என்று ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். வருஷத்தில் சீசன் என்பது இந்த இரண்டு மாதம். பதினாலு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கண்ணாடி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அம்மாவிடம் எதையாவது உளறிவைத்தாய் என்றால் இந்த ஈமெயிலை நான் அடைப்பேன்.

பெலிக்ஸ்


ஹைதராபாத்
19 ஜூன் 2025

அண்ணே,

நம்பரைத் திறந்துவிட்டேன். நேற்றிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டேன். எடு.

ஜாய்


மேலகரம்
3 ஜூலை 2025

ஜாய்,

போனை எடுக்காததற்கு மன்னித்துக்கொள். உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். எழுத்தில் என்றால் நடுவில் எழுந்து போய்விட்டு வரலாம். இதுவரை நாலு தடவை எழுந்து போய்விட்டேன்.

முந்தாநாள் பழைய குற்றாலத்தில் சாத்தூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். சாரலில் இடது பக்கக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். பின்னால் நின்று கை காட்ட யாரையும் இறக்கவில்லை. அவசரம், அடுத்த டிரிப்புக்கு ஆள் காத்திருந்தார்கள். தலையை இடப்பக்கம் லேசாகத் திருப்பினேன். ஜாய், இதை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று என் மனம் சொல்லிவிட்டது. மூன்று வாரமாக அந்தத் துளித் திருப்பத்துக்கு வால் வரை தெரிந்து பழகிவிட்டது அல்லவா. கழுத்து ஏழு டிகிரி போனதும், பின்பக்கம் காலியாக இருக்கிறது என்ற நிம்மதி தானாக வந்துவிட்டது. நான் ஒன்றையுமே பார்க்கவில்லை. கதவுத் தூணைத்தான் பார்த்தேன்.

பின்னால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற ஷரீபுன்னிசா அக்கா உட்கார்ந்திருந்தார்கள். நசுங்குகிற சத்தம் கேட்டுத்தான் பிரேக் அடித்தேன். இறங்கிப் போனால் இரண்டு கூடையும் சக்கரத்துக்கு அடியில். அவர்கள் காலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண். என்னைத் திட்டவில்லை, கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏந் தம்பி, ஒரு தடவ திரும்பிப் பாக்கக் கூடாதா?"

ஸ்டேஷனைப் பற்றி நீ எழுதியதிலும் இருந்தது இதே கேள்விதான். அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வேனில் இருந்தவர்கள் எனக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்கள். பக்கத்து வண்டி குத்தாலிங்கம் வந்து, "அண்ணாச்சி, சாவியக் கொடுங்க, நான் கொண்டுபோயி விடுதேன்" என்று வாங்கிக்கொண்டான். அன்றைக்குக் கொடுத்த சாவியை நான் திரும்ப வாங்கவில்லை. இனி அவனே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் புக்கிங் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். போன வருஷம் நவம்பரில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். முதுகெலும்பு மூட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிற வாதமாம். கீழே ஆரம்பித்துக் கழுத்துக்கு வந்துவிட்டது. ஒட்டியது ஒட்டியதுதான், மீதியை ஊசியும் பயிற்சியும் காப்பாற்றலாம் என்றார். வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். நான் ஊசிக்கும் போகவில்லை, வண்டியையும் நிறுத்தவில்லை. அம்மாவுக்குத் தெரியாது.

சில குடும்பங்களில் கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆய்க்குடிக்காரர்களுக்குப் போன் போட்டேன். என் நோய் வெளியே தெரிவதற்குள் உனக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம். உன்னிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நான் செய்தது கேவலமான காரியம். காலையில் எழும்போது உனக்கு முதுகு பிடிக்கிறதா? இல்லை என்று ஒரு வரி எழுது.

ஸ்டேஷனில் நீ கூப்பிட்டது மூன்று தடவையும் கேட்டது. முதல் தடவையே கேட்டது. என்னால் கழுத்தைத் திருப்ப முடியாது, மொத்த உடம்பையும் மரக்கட்டை மாதிரித் திருப்ப வேண்டும். பத்து நாள் மூலையில் உட்கார்ந்து மறைத்ததை நீ ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாய். ரயிலிலிருந்து இறங்கிவிடுவாய், வேலைக்குப் போகமாட்டாய். கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று நடந்தேன். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, நீ போன ரயில் சத்தம் அடங்கும்வரை அழுதேன்.

கிளிப்பைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மென்பொருளையும் அழித்துவிட்டேன். எனக்கு இனி பின்னால் பார்க்கிற ஆசை வேண்டாம்.

பெலிக்ஸ்


ஹைதராபாத்
6 ஜூலை 2025

அண்ணே,

எனக்கு முதுகு பிடிக்கவில்லை. இங்கே ஒரு டாக்டரையும் பார்த்துக் கேட்டுவிட்டேன். இப்போதைக்குப் பயம் இல்லை என்றார். அந்தக் கவலையை இத்தோடு விடு.

உன் மேல் கோபமாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பத்து நாள் ஒரே வீட்டில் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சிமுலேட்டரின் ஆறு காலில் ஒரு கால் அரை அங்குலம் குறைந்தால் கண்டுபிடிப்பவள் நான். என் அண்ணன் கழுத்து திரும்பவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஃபைல் தேவைப்பட்டது. நீ மறைத்தது பாதி, நான் பார்க்காதது பாதி. மன்னித்துக்கொள்.

நீ முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது சரியான பதில் சொல்கிறேன். வாங்கலாம். வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும், ஷிஃபா நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். ஏழு டிகிரிக்கு அந்த இலவச மென்பொருள் நடுங்கத்தான் செய்யும், கிளிப்பில் அவ்வளவு நடுக்கம் இருக்காது. உன் வாலை வெட்டமாட்டேன், கோட்டை நானே உட்கார்ந்து வரைந்து தருகிறேன். விமானத்தில் ஏழு டிகிரி போதும், முழு வானத்தையும் பார். ரோட்டில் ஏழு என்றால் ஏழுதான், அங்கே யாரும் உனக்குக் கோடு வரைந்து தரமாட்டார்கள். சாவி குத்தாலிங்கத்திடமே இருக்கட்டும். அதை நீ அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய், நான் சொல்லவேண்டியது இல்லை. எனக்கு அதில் பெருமையாக இருக்கிறது.

பெட்டி வந்தால் பிரிக்காதே. நான் வந்த பிறகு பிரிக்கலாம். முதல் இறக்கம் கிளிப் இல்லாமல். நீ ஸ்டிக்கைப் பிடி, நான் நம்பரில் கை வைக்கிறேன். நீ "ஒண்ணு" என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை டாக்டர். ஊசியைப் பற்றி வாக்குவாதம் வேண்டாம், அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். ஷரீபுன்னிசா அக்காவையும் போய்ப் பார்க்க வேண்டும். உனக்கு என்ன என்று அவர்களிடம் நீயே சொல்.

சனிக்கிழமை பத்தொன்பதாம் தேதி காலை பொதிகையில் வருகிறேன். எந்தப் பெட்டி என்று முந்தின நாள் சொல்கிறேன், எப்படியும் நீ நிற்கிற இடத்துக்குப் பின்னால்தான் என் பெட்டி வந்து நிற்கும், என் ராசி அப்படி. பரவாயில்லை. நீ பிளாட்பாரத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நில். நான் இந்தத் தடவை பின்னாலிருந்து கூப்பிடமாட்டேன். நீ திரும்பவும் வேண்டாம். நான் சுற்றிக்கொண்டு உன் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறேன்.

ஜாய்